மாமனாருக்குக் கொடுத்த வாடகை

என் மாமனாருக்குப் பொய் சொல்ல வராது. சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால், வாங்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "இது கறக்கறப்ப உதைக்கும்பா, இப்பவே சொல்லிட்டேன்" என்பார். அவரோடு சந்தைக்குப் போகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரை உட்கார வைத்து ஒரே ஒரு பொய்யைச் சொல்லப் பழக்கினோம். அதுவும் சர்க்காரிடம் சொல்ல. மெதுவாகத்தான் பிடிபட்டது, ஆனால் பிடித்துக்கொண்டபின் விடவில்லை. எங்கள் வீடு எங்களுடையது இல்லை என்று ஆனது அதனால்தான்.

வீடு பிள்ளைப்பாக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அது கூரை வீடு. இடம் மாமனார் பேரில். பின்தெருவில் இருந்த பழைய ஓட்டு வீட்டை மூத்த மகனுக்குக் கொடுத்துவிட்டு, இளைய மகனான என் வீட்டுக்காரரோடு இந்தக் கூரை வீட்டில் இருந்தார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் குண்டானையும் சொம்பையும் ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டு ஓரமாக ஒண்டிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் டர்னர். அவர் பி.எஃப். பணத்தில் கடன் போட்டார். என் அம்மா வீட்டில் போட்ட வளையல்களை நான் கழற்றிக் கொடுத்தேன். கூரையைப் பிரித்துவிட்டு, செங்கல் சுவர் எழுப்பி, மேலே தளம் போட்டோம். தளம் போட்ட அன்றைக்கு நானும் சித்தாள்களோடு நின்று ஜல்லி சுமந்தேன். "மெத்த வூடு, மெத்த வூடு" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீடு யார் பணத்தில் கட்டியது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்பனும் பிள்ளையும் இருக்கிற வீட்டில் யார் எழுதி வைப்பார்கள்?

எண்பதுகளின் தொடக்கம் அது. ஃபேக்டரியில் ஆர்டர் குவிந்திருந்தது. ஓ.டி. பார்க்காத நாளே இல்லை. மனுஷன் வீட்டுக்கு வந்தால் எண்ணெய் நாற்றத்தோடு அப்படியே சாய்ந்துவிடுவார். சம்பளக் கவர் கனமாக வந்தது, நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிப்ரவரி மாசம் வந்த கவரைப் பிரித்தால் பாதிச் சம்பளம்தான் இருந்தது. "எங்கியாவது வெச்சிட்டு வந்தியா?" என்று சண்டைக்குப் போனேன். வருமான வரியாம். அந்த வருஷம் ஓ.டி.யும் போனஸும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டதாம், வருஷத்து வரி மொத்தத்தையும் கடைசியில் பிடித்துக்கொண்டார்களாம். வருமான வரி என்றால் மெட்ராஸில் சினிமாக்காரர்கள் கட்டுவது என்று நான் நினைத்திருந்தேன். ராத்திரியும் பகலும் இரும்பைக் கடைந்தவனுக்கு எதற்கு வரி என்று அவரிடமே கேட்டேன், என்னவோ அவர்தான் சட்டம் போட்டது மாதிரி.

அடுத்த வருஷத்துக்கு வழி சொன்னது அவருக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்தவர். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒரு தொகை வருகிறது, வாடகை கட்டுகிறவன் அதற்கு வரி கட்ட வேண்டாம், ரசீது மட்டும் காட்டினால் போதும் என்றாராம். "நமக்குச் சொந்த வீடாச்சே" என்று இவர் கேட்டதற்கு அவர் சிரித்தாராம். "வூடு யார் பேர்ல கீது? உங்க நைனா பேர்லதானே? அப்ப நீ உங்க நைனாவுக்கு வாடகை குடுக்கற ஆளு." கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேர் இப்படித்தான், பிறந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள். பிப்ரவரி வந்தால் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் ரெவின்யூ ஸ்டாம்ப் தீர்ந்துபோகும் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்களாம். இவர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். அந்த விஷயத்தில் சூரப்புலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு வருஷத்து ரசீதுகளையும் ஒரே மூச்சில் எழுதினார். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வருமாம். நீலம், கறுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கடன் வாங்கிய இன்னொரு நீலம் என்று மாற்றி மாற்றி எழுதினார். பழைய மாசத்து ரசீதை மட்டும் நாலாக மடித்து, கசக்கி, மறுபடி நீவினார். நான் ஸ்டாம்புக்குக் கோந்து தடவிக் கொடுத்துக்கொண்டே, "இந்த மூளைய வேற எதுக்காவது செலவு பண்ணியிருந்தா சூப்பர்வைசர் ஆயிருப்ப" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

கையெழுத்துப் போட மாமனாரைக் கூப்பிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவதற்காகத் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இதுல இன்னாடா எழுதிகீது?" என்று கேட்டார். இவர் படித்துக் காட்டினார். மாமனார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எப்படா உங்கிட்ட வாடகை வாங்கினேன்?"

"வாங்கல நைனா. சும்மா கம்பெனிக்குக் காட்டறதுக்கு."

"வாங்காத காசுக்குக் கையெழுத்துப் போட்டா அது இன்னா கணக்கு?"

இவர் விளக்கிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். கடைசியில் மாமனாரே ஒரு வழி சொன்னார். "பொய் சொல்ல எனக்கு வராது. மாசம் ஒரு ரூபா கையில குடு. வாங்கினேன்னு மனசார சொல்லிட்டுப் போறேன்." அன்றைக்கே அந்த வருஷத்துக்கு உண்டான ரூபாய்களை எண்ணிக் கையில் கொடுத்தோம். இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டு, ஒவ்வொரு ரசீதிலும் நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் மாசம் பிறந்தால் அவருக்கு ஒரு ரூபாய் கொடுத்துவிடுவோம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் வரி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. மிச்சமான பணத்தில் தையல் மெஷின் வாங்கினோம். நான் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

பயம் வந்தது அடுத்த வருஷம். வல்லம் பக்கம் ஒருத்தன் வீட்டுக்கு ஆபீசர்கள் ஜீப்பில் வந்து விசாரித்தார்களாம். வாடகை உண்மையா என்று அவன் அம்மாவைக் கேட்டார்களாம், அந்த அம்மா விவரம் தெரியாமல், "வாடகையா? இது எங்க வூடு, அவன் பொறந்ததே இங்கதான்" என்று சொல்லிவிட்டாளாம். அவனுக்கு வேலை போய்விட்டது என்று ஒருத்தர் சொன்னார், ஜெயில் என்று இன்னொருத்தர் சொன்னார். அந்த ஆளைப் பார்த்தவர் யாரும் கிடையாது. பஸ்ஸில் ஏறின கதை பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தட்டில் கை நின்றுவிடும். சத்தம் தாண்டிப் போனபிறகுதான் மறுபடி பிசைவார்.

அப்போதுதான் மாமனாருக்குப் பாடம் ஆரம்பித்தது. விளக்கு வைத்தபிறகு எதிரே உட்கார வைத்துக்கொண்டு இவர் ஆபீசர் மாதிரி கேட்பார்.

"இந்த வூட்ல யார் இருக்காங்க?"

"எம் புள்ளையும் மருமவளும்."

"தப்பு நைனா. வாடகைக்கு இருக்காங்கன்னு சொல்லணும். வூடு யாருது?"

"நம்புளுது."

"ஐயோ, நம்புளுதுன்னு சொல்லாத! என்னுதுன்னு சொல்லு. உன்னுது. நீதான் கட்டின. நான் உனக்கு மாசம் நூத்தம்பது ரூபா தரேன்."

"ஒரு ரூபாதானடா தர?"

நான் அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டேன். மனுஷன் எழுந்து வந்து என்னை முறைத்தார். "உனக்கு இன்னா சிரிப்பு? நான் உள்ள போனா நீயும் நைனாவும் எங்க போவீங்க?" என்றார். சொல்லிவிட்டுப் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மாமனார் அதைப் பார்த்தார். அவர் அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். தான் வாய் தவறினால் பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்பது அவர் மண்டையில் ஏறிவிட்டது. வரப்பில் நடக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே போவார். "வாடகைக்குக் கீறான். மாசம் நூத்தம்பது. நான்தான் கட்னேன்." பார்க்கிறவர்கள் பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

வருஷங்கள் போயின. ஒவ்வொரு பிப்ரவரியும் பாயும் பேனாக்களும் வந்தன. எந்த ஆபீசரும் வரவில்லை. ஆனால் வீட்டு வாசலில் யார் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் மாமனார் விறைத்துக்கொள்வார். உர மூட்டைக் கம்பெனி ஆளிடம் வாடகைப் பாடத்தைச் சொன்னார். கொசு மருந்து அடிக்க வந்தவனிடம் சொன்னார். அவன் பாவம், மருந்து டின்னைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க பெரியவரே, நான் வந்தது கொசுவுக்கு" என்றான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மாமனார் என்னிடம் வந்து, "சரியா சொன்னனாம்மா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு பயம். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த வீட்டில் என்னவோ சரியில்லை, இது எங்கேயோ கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், காதுக்கும் இந்தப் பேச்சு எட்டியது. அவர் நிலம் வாங்கி விற்கிற புரோக்கர் வேலையில் இறங்கியிருந்தார். மெட்ராஸ்காரர்கள் ரோட்டோரமாக இடம் தேடிக்கொண்டு வர ஆரம்பித்த காலம் அது. வயசுக்கு வந்த பெண்கள் மூன்று பேர் அவர் வீட்டில். கையில் காசு நிற்காது. ஒருநாள் வந்து, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இன்னா நைனா, தம்பிகிட்ட வாடகை வாங்கிகினு கீறியாமே? எனக்கு ஒரு பங்கு கெடையாதா?" மாமனாருக்கு அவர் தன் பிள்ளை என்பதே மறந்துவிட்டது போல. "ஆமாண்டா, வாடகைதான். மாசம் நூத்தம்பது. வூடு என்னுது" என்று மளமளவென்று ஒப்பித்தார். மூத்தார் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தளத்தை அண்ணாந்து பார்த்தார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒருநாள் ஜீப் எங்கள் வாசலிலேயே நின்றது.

வீட்டுக்காரர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நான் தையல் மெஷினில் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் ஓய்ந்தது, கதவுகள் திறந்து மூடின. எட்டிப் பார்த்தால் பேன்ட் போட்ட நாலைந்து பேர், ஒருத்தர் கையில் தடியான ஃபைல். மெஷினை விட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்களுக்குப் பின்னால் மூத்தாரும் வந்து நின்றார், ஊரில் யார் வந்தாலும் கூடவே சுற்றுகிறவர்தானே என்று நினைத்தேன். மாமனார் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்.

ஃபைல் வைத்திருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஐயா, இந்த வீடு யாருடையது? யார் குடியிருக்காங்க? சொந்தமா, வாடகையா?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாமனார் ஒரு வார்த்தை குழறவில்லை.

"என்னுது சார். வாடகைக்கு வுட்டுக்கீறேன். மாசம் நூத்தம்பது ரூபா, மாசம் பொறந்தா கையில குடுத்துடுவான்."

"கட்டடம் யார் கட்டினது?"

"நான்தான். என் சொந்தக் காசுல. அவனுக்கு இதுல ஒரு செங்கல்லு கூட சொந்தம் கெடையாது சார்."

செங்கல் பேச்சு பாடத்தில் கிடையாது. பிள்ளையைக் காப்பாற்ற அவரே சேர்த்துக்கொண்டது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. மனசுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வந்தவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன், உப்பு போதுமா என்றுகூடக் கேட்டேன். ஃபைல்காரர் எல்லாவற்றையும் எழுதி, படித்துக் காட்டி, மாமனாரிடம் கையெழுத்து வாங்கினார். அவரும் நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டார். சாட்சி என்று மூத்தாரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஒருத்தன் டேப்பை எடுத்து வீட்டை அளக்க ஆரம்பித்தான். நீளம், அகலம், தளம், கழுவுகிற இடம், எல்லாம். வருமான வரிக்காரர்கள் எதற்கு வீட்டை அளக்கிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. இன்னொருத்தன் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, வெளிச் சுவரில், நான் கோலம் போடுகிற இடத்துக்கு மேலே, ஒரு அம்புக்குறி போட்டு நம்பர் எழுதினான். "என்னாத்துக்குங்க இது?" என்று கேட்டேன். "ரோடு அகலப்படுத்தப் போறாங்கம்மா. இது வரைக்கும் போகுது" என்று சுவருக்கு உள்ளே, கூடத்தின் நடுவே கையைக் காட்டினான். பெயின்ட் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. மாமனார் என்னைப் பார்த்து, "சரியா சொன்னனாம்மா?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி, அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றார். நடந்ததை நான் சொன்னேன். அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். "ஆக, டாக்ஸ்காரங்க இல்ல" என்றார். பிறகுதான் மீதி உறைத்தது. வீட்டுக்கும் இடத்துக்கும் நஷ்டஈடு உண்டு, வீடு இழக்கிறவர்களுக்கு ஊருக்குள் மாற்று மனை உண்டு என்று ஊரில் பேச்சு. எல்லாம் வீட்டுச் சொந்தக்காரனுக்கு. வாடகைக்கு இருக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

"பெரியவர் ஆள் தெரியாம சொல்லிட்டாருன்னு ஆட்சேபம் குடுக்கலாம்" என்றேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு மனு எழுதிக் கொடுத்தார், பி.எஃப். கடன் வாங்கிய கதையையும் அதில் எழுதினார். தாலுகா ஆபீசில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்லி நானும் கிளம்பினேன். அந்த வீட்டில் என் வளையல்கள் இருந்தன.

விசாரணை செய்த அதிகாரி வயசானவர், தணிந்த குரலில் பேசினார். இவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அப்போ வீடு நீங்க கட்டினது, அப்பாவோட பொதுவா இருக்கீங்க, வாடகை எதுவும் கொடுக்கலை. அப்படித்தானே?" இவர் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். மூத்தார் எழுந்தார். சண்டைக்காரன் மாதிரி இல்லை, பவ்யமாகத்தான் எழுந்தார்.

"ஐயா, ஒரு வார்த்த. என் தம்பி வருஷா வருஷம் கம்பெனிக்கு வாடகை ரசீது குடுத்துகினு வர்றான். அதுக்கு வரியில கழிச்சிகிறான். அந்தக் கம்பெனியில கேட்டாத் தெரிஞ்சிடும்."

அதிகாரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "தம்பி, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வாடகை கொடுக்கலைன்னு இங்க எழுதினா, ரசீதெல்லாம் பொய்ன்னு ஆகும். நான் எழுதறது ஆவணம். அப்புறம் யார் கேட்டாலும் நகல் கொடுக்க வேண்டி வரும். சொல்லுங்க, வாடகை கொடுத்தீங்களா இல்லையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார்" என்று வாயைத் திறந்துவிட்டேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப் பார்வையாக இருந்தால் நான் பேசியிருப்பேன், அவர் கோபத்துக்கு நான் என்றைக்குப் பயந்தேன்? அது வீட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தட்டில் கை நிற்குமே, அந்த முகம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"குடுத்தேன் சார்" என்றார். "வாடகைக்குத்தான் இருக்கேன்."

மூலை பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிள்ளை பாடத்தை மறக்காமல் சரியாகச் சொல்லிவிட்டான் என்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர்மேல் ஒரு நாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ரசீது எழுதச் சொல்லிக்கொடுத்த பக்கத்து மெஷின்காரரை மட்டும் மனசாரத் திட்டித் தீர்த்தேன். அவர் வீடு ரோட்டோரத்தில் இல்லை.

நஷ்டஈடு மாமனார் பேரில் வந்தது. பாங்கில், ஆபீஸ்களுக்கு அவரோடு அலைந்த மூத்தாரோடு சேர்த்துக் கணக்கு ஆரம்பித்து அதில் போட்டார்கள், மாமனாரும் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். மூத்தார் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமலும், பேசக்கூடாத இடத்தில் பேசியும் வேலையை முடித்துக்கொண்டார், அவ்வளவுதான். மூத்த பெண்ணின் கல்யாணம் அந்த வருஷமே நடந்தது. மாமனார் பேரில் வந்த மாற்று மனையிலும் அவர்தான் கடைக்கால் போட்டார். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு, "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் கீது, எனக்கு இன்னா கீது?" என்றாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

மாமனாருக்கு விஷயம் புரிந்தது, மூத்தார் வந்து, "எப்ப காலி பண்றீங்க? வாடகைக்காரங்கதானே, மொதல்ல நீங்கதான் போவணும்" என்று சொன்ன அன்றைக்கு. பெரியவர் சட்டென்று எழுந்தார். "யார்ரா வாடகைக்காரன்? அவன் கட்ன வூடுடா இது! அந்தப் பொண்ணு வளையலக் கழட்டிக் குடுத்துது. தளம் போட்டப்ப ஜல்லி தூக்குச்சி. நான் ஒரு காசு போடலடா!" என்று தெருவில் இறங்கிக் கத்தினார். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். தெருவே கேட்டது. ஃபைல் வைத்திருக்கிற ஆள் ஒருத்தரும் அங்கே இல்லை.

இடிக்கிற நாள் நாங்கள் இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் பார்த்துக்கொண்டு போய்விட்டோம். ஒரு ரூமும் சமையல் மறைப்பும். மூத்த மகனோடு இருக்கமாட்டேன் என்று மாமனாரும் எங்களோடு வந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். வாடகை உண்மையான வாடகை. ஒன்றாம் தேதி பொழுது விடிந்ததும் வாசலில் நிற்பார். ஒரு நாள் தள்ளினால் தண்ணீர் மோட்டார் ஓடாது.

பிப்ரவரி வந்தது. என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து வந்து, இந்தத் தடவை எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குச் சொன்னார். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கடைக்காரர் ரசீது தரமாட்டேன் என்றுவிட்டாராம். "ரசீது கேக்கற ஆளுக்கு நான் வூடு வுடறதே இல்ல. நீ உன் வரிய மிச்சம் புடிக்க, நான் வரி கட்டணுமா? வேணும்னா காலி பண்ணிக்கோ" என்றாராம்.

மனுஷன் வந்து பாயில் உட்கார்ந்தார். ஸ்டாம்புகளையும் பேனாவையும் முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யாக வாடகை கொடுத்தபோது வருஷம் தவறாமல் ரசீது இருந்தது. இப்போது மாசம் தவறாமல் கொடுக்கிறோம், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல், அடுப்பைத் திட்டினேன்.

மாமனார் மூலையில் படுத்திருந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளாக அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஸ்டாம்பைக் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"இதுக்கா உக்காந்துகினு கீற?" என்றார். "வெளியாள இன்னாத்துக்குடா கெஞ்சற? குடு, நான் போடறேன் கையெழுத்து. எனக்கு ரூபா கூட வாணாம்."

பேனாவுக்காகக் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "வாணாம் நைனா" என்றார். மாமனாருக்கு அது கேட்கவில்லையோ என்னவோ, நீட்டின கையை அவர் மடக்கவே இல்லை. நான் போய் அந்தக் கையில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்தேன். அந்த மாசச் சம்பளம் பாதிதான் வந்தது.